எந்தக் கதிர்? எவ்வளவு? யார் அளந்தார்?

(மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், புக்கிட் ரம்பாயில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டு மின்சாதனங்களைப் பற்றியும், அவற்றிலிருந்து வருவதாகச் சொல்லப்படும் கதிர்வீச்சைப் பற்றியும், அது வயிற்றுப் பிள்ளையைத் தொடுமா என்பதைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இது வெறும் விஞ்ஞானத் தலைப்பு அல்ல. நம் வீடுகளில் தினமும் எழுகிற கேள்வி. மருமகள் முழுகாமல் இருக்கிறாள், வைஃபை பெட்டியை அணைத்து விடலாமா? மைக்ரோவேவ் அடுப்புப் பக்கம் அவள் போகலாமா? கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கலாமா? மடிக்கணினியை மடியில் வைக்கலாமா? கிளினிக்கில் மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்களே, எடுக்கலாமா?

கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். பிள்ளைக்காகப் பயப்படுவது தாய்மைக்கு அழகு. ஆனால் தாய்மார்களே, பயம் என்பது ஒரு காவல்காரன். அவனை எந்த வாசலில் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திருடன் வராத வாசலில் அவனை நிறுத்திவிட்டு, பின்வாசலைத் திறந்து போட்டிருக்கிறோமா? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன்.

அதற்கு மூன்று கேள்விகளை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கதிர்? எவ்வளவு? யார் அளந்தார்? இந்த மூன்றையும் கேட்கப் பழகிவிட்டால், வாட்சப்பில் வரும் எந்தச் செய்தியும் உங்களை இரவில் விழிக்க வைக்காது.

முதல் கேள்வி: எந்தக் கதிர்?

கதிர்களில் இரண்டு வகை உண்டு. மாமரத்தின் உச்சியில் ஒரு காய் தொங்குகிறது. அதன் மேல் ஆயிரம் பஞ்சுருண்டைகளை எறியுங்கள், காய் அசையாது. இரண்டாயிரம் எறியுங்கள், அப்போதும் அசையாது. ஒரே ஒரு கல்லை எறியுங்கள், விழுந்துவிடும். எக்ஸ்ரேயும், யுரேனியம், தோரியம் போன்றவற்றிலிருந்து வரும் கதிர்களும் கல். அவை நம் உடலின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடும். மரபணுவின் இழையை அறுக்கும். வானொலி அலை, கைப்பேசி அலை, வைஃபை அலை, மைக்ரோவேவ் அலை இவை எல்லாம் பஞ்சுருண்டை. எத்தனை வந்தாலும் அந்த வேலையைச் செய்யும் வலு அவற்றில் ஒன்றுக்கும் கிடையாது. அளவுக்கு மீறிக் குவிந்தால் அவை செய்யக்கூடியதாக நன்றாக அறியப்பட்டது ஒன்றுதான்: சூடேற்றுவது.

மைக்ரோவேவ் அடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2.45 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் ஓடுகிறது. உங்கள் வைஃபை பெட்டியும் ஏறக்குறைய அதே அலைவரிசைதான். பயமாக இருக்கிறதா? பொறுங்கள். அடுப்புக்குள் எழுநூறு, எண்ணூறு, ஆயிரம் வாட் சக்தி இருக்கிறது. அது இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. வைஃபை பெட்டி வெளியே விடுவது ஒரு வாட்டில் ஒரு சிறு பங்கு. அடுப்புக் கதவைத் திறந்த நொடியில் அலை நின்றுவிடும். உணவில் எதுவும் தங்காது. கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது என்பது அமெரிக்காவில் 1971 முதல் இருக்கும் சட்டம். கை நீட்டும் தூரத்துக்கு வருவதற்குள் அதுவும் பன்மடங்கு குறைந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது கதவு நேராக மூடுகிறதா என்பதை மட்டும்தான். கதவு வளைந்திருந்தால், பூட்டு ஆடினால், அந்த அடுப்பை விட்டுவிடுங்கள். கர்ப்பிணி மட்டுமல்ல, யாருமே பயன்படுத்த வேண்டாம்.

கர்ப்ப கால ஸ்கேன்? அது கதிரே அல்ல. ஒலி. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்டு 1958-இல் உலகுக்குச் சொன்ன முறை. நம் காதுக்குக் கேட்காத ஒலியை வயிற்றுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். தேவைக்கு எடுக்கச் சொன்னால் எடுங்கள்.

"அப்படியானால் எங்கள் பாட்டி, டி.வி.க்குப் பக்கத்தில் உட்காராதே என்று ஏன் சொன்னார்?" என்று கேட்பீர்கள். பாட்டி சும்மா சொல்லவில்லை. 1967-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கலர் டி.வி.கள் சிலவற்றிலிருந்து எக்ஸ்ரே கசிவது தெரியவந்தது. மறு ஆண்டே அந்த நாட்டில் சட்டம் வந்தது. பின்னால் பெருத்த வயிறு வைத்திருந்த அந்தப் பழைய டி.வி.க்குள் உயர் மின்னழுத்தத்தில் எலக்ட்ரான் பாய்ந்தது. கல் பிறக்க அங்கே வழி இருந்தது. இன்று சுவரில் மாட்டியிருக்கும் தட்டை டி.வி.யில் அந்தக் குழாயே இல்லை. பாட்டியின் எச்சரிக்கை அந்தக் காலத்துக்குச் சரி. டி.வி. மாறிவிட்டது, எச்சரிக்கை மட்டும் மாறாமல் நிற்கிறது.

கணினித் திரைக்கும் இதே கதைதான். 1980-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும், திரைக்கு முன்னால் வேலை பார்த்த பெண்களுக்குக் கரு கலைகிறது என்று பெரும் பீதி எழுந்தது. தொழிற்சங்கங்கள் கேள்வி கேட்டன. கேட்டது நல்லது. ஏனென்றால் கேட்டதால்தான் ஆராய்ந்தார்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களில் ஒரே மாதிரி வேலை செய்த பெண்களை, திரையோடு ஒரு பக்கம், திரையில்லாமல் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தார்கள். 1991-இல் முடிவு வந்தது. இரு பக்கமும் கருச்சிதைவு ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து. திரையால் வேறுபாடு இல்லை. கேட்டீர்களா, நூற்றுக்குப் பதினைந்து! கரு கலைவது அவ்வளவு சாதாரணமாக நடக்கிற துயரம். இழந்த பெண் காரணம் தேடுவாள். கைக்கு அருகில் இருப்பது கைப்பேசி. பழி அதன் மேல் விழும். சில வீடுகளில் பழி அவள் மேலேயே விழும். "சொன்னேனே, போனை நோண்டாதே என்று." தாய்மார்களே, மாமியார்களே, அந்த ஒரு சொல்லை மட்டும் இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

கைப்பேசியைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கைப்பேசி அலையை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற ஐயப் பட்டியலில் சேர்த்தது. உண்மை. அதே பட்டியலில் பின்னாளில் கற்றாழை முழு இலைச் சாறும் சேர்ந்தது. அதற்காக யாரும் முற்றத்துக் கற்றாழையைப் பிடுங்கி எறியவில்லை. டென்மார்க்கில் 13,000 பிள்ளைகளைப் பார்த்து 2008-இல் வந்த ஆய்வு, கர்ப்பத்தில் கைப்பேசி பேசிய தாயின் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல் கூடுதலாகத் தெரிகிறது என்றது. அதுவும் உண்மை. ஆனால் அலை செய்ததா, போனில் மூழ்கிய வீட்டுச் சூழல் செய்ததா என்று அந்த ஆய்வால் பிரிக்க முடியவில்லை. 2017-இல் நார்வேயிலிருந்து பெரிய ஆய்வு வந்தது. கைப்பேசி பேசிய தாயின் பிள்ளைகள் மூன்று வயதில் பேச்சில் பின்தங்கவில்லை. கொஞ்சம் முன்னால்கூட இருந்தார்கள். ஆக, மனம் கேட்கவில்லை என்றால் போனைத் தலையணையிலிருந்து தள்ளி வையுங்கள். காசு செலவில்லை, தூக்கமும் நன்றாக வரும். மடிக்கணினியை மேசையில் வையுங்கள், சூடு படாது. அதற்கு மேல் பயம் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு?

இப்போது கல்லுக்கு வருகிறோம். எக்ஸ்ரே. 1950-களில் ஆக்ஸ்ஃபர்டில் ஆலிஸ் ஸ்டுவர்ட் என்ற பெண் மருத்துவர், பிள்ளைகளுக்கு ஏன் இரத்தப் புற்றுநோய் வருகிறது என்று தேடினார். பெரிய கருவி எதுவும் அவரிடம் இல்லை. அவர் செய்தது என்ன? தாய்மார்களிடம் போய்க் கேட்டார். கர்ப்பமாக இருந்தபோது என்ன நடந்தது என்று கேட்டார். நோயில் மாண்ட பிள்ளைகளின் தாய்மார்களில் கூடுதலானோர், வயிற்றில் எக்ஸ்ரே எடுத்தார்கள் என்று சொன்னார்கள். 1956-இல் முதல் சேதி, 1958-இல் முழு ஆய்வு. அந்தக் காலத்தில் பிள்ளை எப்படிக் கிடக்கிறது, இடுப்பெலும்பு போதுமா என்று பார்க்க எக்ஸ்ரேதான் எடுத்தார்கள். மருத்துவ உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆண்டுகள் ஓடின. கடைசியில் தாய்மார்களின் நினைவே வென்றது. இன்று எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எக்ஸ்ரே அறை வாசலில், கர்ப்பமாக இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறதே, அந்த அறிவிப்புக்குப் பின்னால் அந்தத் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

ஆனால் எவ்வளவு என்று கேட்காமல் பயந்தால் என்ன ஆகும்? 1986 ஏப்ரல் 26, செர்னோபில் அணு உலை வெடித்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் கிரேக்க நாடு. அங்கே வந்து சேர்ந்த கதிர் மிகச் சிறிது. ஒரு மில்லிசீவர்ட் அளவுக்குள் என்று பிறகு கணக்கிட்டார்கள். இயற்கையிலிருந்து மனிதன் ஓர் ஆண்டில் வாங்குவதே உலகச் சராசரியில் 2.4. ஆனால் வதந்தி காற்றைவிட வேகமாகப் போனது. பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்றார்கள். மருத்துவர்களும் தடுமாறினார்கள். அந்த நாட்டில், ஆசைப்பட்டுச் சுமந்த கருக்களில் ஏறக்குறைய 2,500 கலைக்கப்பட்டன என்று மறு ஆண்டு வந்த ஆய்வு மதிப்பிட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு! அந்தப் பிள்ளைகளைக் கொன்றது கதிரா? இல்லை. அளவு கேட்காத பயம்.

அதனால் அளவைச் சொல்கிறேன், மனத்தில் வையுங்கள். பிள்ளைக்கு உறுப்புக் குறைபாடு உண்டாக்கும் என்று அஞ்சப்படும் அளவு ஏறக்குறைய 100 மில்லிகிரே; எக்ஸ்ரேக்கு இதை மில்லிசீவர்ட் என்றே கொள்ளலாம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றால் வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேருவது 0.01-க்கும் குறைவு. பல் எக்ஸ்ரே அதைவிடக் குறைவு. சி.டி. ஸ்கேன் என்பது ஒலி அல்ல, அதுவும் எக்ஸ்ரேதான்; அதை வயிற்றில் எடுத்தால் இருபது, முப்பது வரை போகலாம். வித்தியாசம் புரிகிறதா? நெஞ்சு எக்ஸ்ரேயும் வயிற்று சி.டி.யும் ஒன்றல்ல.

ஆகவே இரண்டு சொல்கிறேன். ஒன்று, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றால், உறுதியாகத் தெரியாவிட்டாலும், எக்ஸ்ரே அறையில் வாயைத் திறந்து சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். கூடப் போகிற கணவன் சொல்லட்டும். கருவின் மூளை உருவாகும் எட்டாவது வாரத்திலிருந்து பதினைந்தாவது வாரம் வரை கவனம் மிக மிகத் தேவை. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வயிற்றில் இருந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துத்தான் உலகம் இதைக் கற்றுக்கொண்டது. இரண்டு, இருமல் நிற்கவில்லை, காசநோயோ என்று மருத்துவர் ஐயப்படுகிறார், நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும் என்கிறார் என்றால் மறுக்காதீர்கள். கண்டுபிடிக்காத காசநோய் தாயையும் பிள்ளையையும் அழிக்கும். அந்த ஒரு எக்ஸ்ரே அழிக்காது.

மூன்றாவது கேள்வி: யார் அளந்தார்?

நண்பர்களே, இந்த நாட்டில் கதிர்வீச்சு என்றால் எட்டாத கதை அல்ல. பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குப் பக்கத்தில், புக்கிட் மேரா என்று ஓர் ஊர் இருக்கிறது. உங்கள் ஊர் புக்கிட் ரம்பாய், அந்த ஊர் புக்கிட் மேரா. வெள்ளீயம் தோண்டிய மணலில் மிஞ்சும் ஆமாங் என்ற கசடிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க, 1982-இல் ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை அங்கே ஓடத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் அதில் பெரும் பங்காளி. பிரித்தெடுத்த பிறகு மிஞ்சியது தோரியக் கழிவு. கதிர் வீசும் கழிவு. அது ஆலைக்குப் பின்னால் கிடந்தது.

கருச்சிதைவுகளைப் பற்றியும், நோயோடு பிறந்த பிள்ளைகளைப் பற்றியும், இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளைப் பற்றியும் அந்த ஊர்த் தாய்மார்கள் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? கதிரைத் தடுக்கும் என்று ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினார்களா? தாயத்துக் கட்டினார்களா? அளக்க ஆள் தேடினார்கள். 1984 இறுதியில் ஜப்பானியப் பேராசிரியர் சடாவ் இச்சிக்காவா வந்து ஆலையைச் சுற்றி அளந்தார். ஓர் இடத்தில் அனுமதித்த அளவைப்போல் 800 மடங்கு என்று காட்டியது அவருடைய கருவி. 1985 பிப்ரவரியில் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கூட நின்றது. வழக்கை நடத்தியவர்களில் ஒருவர் மீனாட்சி ராமன், நம் தமிழ்ப் பெண். 1987-இல் ஒப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் அவரும் பிடிபட்டார். ஊர் மக்களின் உடல்நிலையைப் பரிசோதித்து வந்தவர் டாக்டர் டி. ஜெயபாலன். சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் சேர்ந்து நடத்திய போராட்டம் அது.

1992 ஜூலை 11, உயர்நீதிமன்றம் பதினான்கு நாளில் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பியது. எதற்காகத் திருப்பியது என்று கவனியுங்கள். ஆலையின் நிபுணர்கள் இடத்திலேயே சோதனை செய்தவர்கள், அவர்கள் பேச்சை நம்பலாம் என்பது ஒரு காரணம். யார் அளந்தார் என்ற கேள்வியில்தான் வழக்கே திரும்பியது! ஆனாலும் 1994 ஜனவரியில் ஆலை தானே மூடிக்கொண்டது. நீதிமன்றத்தில் தோற்ற மக்கள் ஊரில் வென்றார்கள்.

தோரியம் என்றேன். அது தமிழனுக்குப் புதிதா? தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் தூக்கி வந்தார்களே, அதன் வெள்ளை மேன்டில் தோரியத்தில் செய்தது. அந்தத் தோரியம் எங்கே கிடைத்தது? கன்னியாகுமரிக் கரையில், மணவாளக்குறிச்சியில். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்தார். அந்த மணல் கேரளக் கரை வரை நீள்கிறது. கொல்லம் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அதன் மேல் வாழ்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்தார்கள், புற்றுநோயைக் கணக்கெடுத்தார்கள், கூடுதலாக இல்லை. அப்படியானால் புக்கிட் மேரா மக்கள் பொய் சொன்னார்களா? இல்லை. கரையில் பரவிக் கிடக்கும் மணல் வேறு. அதை அரைத்து, அமிலத்தில் கரைத்து, செறிவாக்கி, ஊருக்குப் பக்கத்தில் குவித்து வைப்பது வேறு. மறுபடியும் அதே கேள்விதான்: எவ்வளவு?

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். வேடிக்கை என்று சொன்னாலும் வயிறு எரிகிறது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் இணையக் கடையிலும் கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சங்கிலி, பதக்கம், கைவளையம் விற்கிறார்கள். எதிர்மின் அயனி என்கிறார்கள், எரிமலைச் சக்தி என்கிறார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்து நாட்டு அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்து, அணியாதீர்கள் என்று அறிவித்தது. ஏன்? அவை கதிர் வீசின. 5ஜி அலையிலிருந்து காக்கும் என்று விற்ற பொருள்கள்! அவற்றில் குழந்தைக்கான கைவளையமும் ஒன்று. பஞ்சுருண்டைக்குப் பயந்து கல்லை வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொள்கிறோம் தாய்மார்களே! வீட்டில் இருக்கும் அத்தனை சாதனங்களிலும் உண்மையாகவே கதிர் வீசுவது, கதிரைத் தடுக்க வாங்கிய அந்தப் பதக்கமாக இருக்கலாம். இதைவிடப் பெரிய ஏமாற்று உண்டா?

சரி, பின்வாசலுக்கு வருவோம். எதற்குப் பயப்பட வேண்டும்?

மின்னியல் பொருள்களால் கரு கலைந்தது உண்டா என்று கேட்டால், உண்டு. ஆனால் அது வீட்டில் நடக்கவில்லை. அந்தப் பொருளைச் செய்த ஆலையில் நடந்தது. 1980-களில் அமெரிக்காவில் சில்லு செய்யும் ஆலைகளின் உள்ளறையில் வேலை பார்த்த பெண்களுக்குக் கருச்சிதைவு கூடுதல் என்று ஓர் ஆய்வு சொன்னது. 1992-இல் இன்னும் பெரிய ஆய்வுகள் அதை உறுதி செய்தன. காரணம் கதிர் இல்லை. கிளைக்கால் ஈதர் என்ற கரைப்பான் திரவம். அதன் பிறகு அந்தத் திரவத்தை ஆலைகள் கைவிடத் தொடங்கின. இந்த மலாக்காவில், 1970-கள் முதல், பத்து பெரெண்டாமிலும் பிறகு மற்ற தொழிற்பேட்டைகளிலும் எத்தனை தமிழ்ப் பெண்கள் தோட்டத்திலிருந்து பேருந்து ஏறி மின்னியல் ஆலைக்குப் போனார்கள்! இன்றும் போகிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியது வைஃபையைப் பற்றி இல்லை. "நான் தொடுகிற இந்தத் திரவத்தின் பெயர் என்ன? நான் மூச்சில் இழுக்கிற இந்தப் புகையில் என்ன இருக்கிறது? நான் கர்ப்பமாக இருக்கிறேன், வேறு பிரிவுக்கு மாற்ற முடியுமா?" இதைக் கேட்க வேண்டும்.

கேட்டால் வேலை போய்விடுமே என்கிறீர்களா? கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் வேலைவாய்ப்புத் திருத்தச் சட்டம் சொல்கிறது. மகப்பேற்று விடுப்பு 98 நாள் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் இடத்திலிருந்து விலகித் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை 2024 ஜூன் முதல் தொழிலாளிக்கு உண்டு. இவை பயன்படுத்தாமல் பெட்டியில் வைக்கும் நகைகள் இல்லை.

தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். முதுகில் மருந்து டின்னைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் பெண்கள். பாராகுவாட். கையுறை இல்லை, முகமூடி இல்லை. வயிற்றில் பிள்ளையோடும் அடித்தார்கள். 2002-இல் ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகானித்தா அமைப்பு அந்தப் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட்டுக்குத் தடை என்று அரசு அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரியில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. பதினெட்டு ஆண்டு! அந்தப் பதினெட்டு ஆண்டில் வைஃபைக்குப் பயந்த நம்மில் எத்தனை பேர் பாராகுவாட்டுக்குப் பயந்தோம்?

இனி வீட்டுக்குள். பயப்பட வேண்டியது மூன்று.

முதலாவது, மின்சாரமே. குளியலறை வாட்டர் ஹீட்டர். அதற்கு, 10 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற தனிக் கருவி இருக்க வேண்டும். உங்கள் மின்பெட்டியில் இருக்கிறதா? அதில் 'டி' என்று போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியதும் அதன் சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே உரிமம் பெற்ற மின்வேலைக்காரரை அழையுங்கள். சிரிம் தர முத்திரை இல்லாத சார்ஜரை வாங்காதீர்கள். பிள்ளைத்தாய்ச்சி ஈரக் கையோடு தொடுகிற சுவிட்சைவிட ஆபத்தான அலை எந்தக் கோபுரத்திலிருந்தும் அவளைத் தேடி வரவில்லை.

இரண்டாவது, செத்துப்போன மின்சாதனம். ஓடுகிற டி.வி. ஒன்றும் செய்யாது; கொல்லையில் உடைத்துப் போட்ட பழைய டி.வி.யின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதன் பற்றாசில் ஈயம் இருக்கிறது. கார் பேட்டரியில் ஈயம் இருக்கிறது. ஈயம் தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளையின் இரத்தத்துக்கு நேராகப் போகும். செம்புக்காக வயரை எரிக்கிறார்களே, அந்தப் புகை நஞ்சு. மின்கழிவு நம் நாட்டுச் சட்டத்தில் 2005 முதல் பட்டியலிட்ட அபாயக் கழிவு. உடைக்காதீர்கள், எரிக்காதீர்கள். உரிமம் பெற்ற சேகரிப்பு இடத்தில் முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஐயாமார்களே, உங்களுக்கு. மனைவியின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிற கணவன்மார் இருக்கிறார்கள். கைப்பேசி அலையால் எடை குறைந்து பிறந்த பிள்ளையை எந்த மருத்துவரும் உங்களுக்குக் காட்ட முடியாது. புகையால் எடை குறைந்து பிறந்த பிள்ளைகளைக் காட்டுவார்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதே அறிவு என்று பிள்ளைக்குச் சொல்லித் தருகிற மரபு நம்முடையது. அந்த அறிவு நம் வீட்டு அடுப்படிக்கும், ஆலை வாசலுக்கும், எக்ஸ்ரே அறைக்கும் வர வேண்டும். பயத்தை விற்கிறவனிடம் பொருள் வாங்காதீர்கள். பதக்கத்துக்குக் கொடுக்கும் காசில் ஆர்.சி.சி.பி.யை மாற்றுங்கள். நாள் தள்ளினால் தாமதிக்காமல் சுகாதாரக் கிளினிக்குக்குப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். ஃபோலிக் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். ஐயம் எதுவானாலும் அங்கே இருக்கும் தாதியிடம் கேளுங்கள். ஆலையில் வேலை செய்யும் பெண்கள் தொடுகிற திரவத்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். ஊருக்குப் பக்கத்தில் புதிதாக எது வந்தாலும், புக்கிட் மேரா தாய்மார்களைப்போல் ஒன்றாகச் சேர்ந்து கேளுங்கள்: எந்தக் கதிர்? எவ்வளவு? யார் அளந்தார்? பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள்.